வீட்டு ஃபோட்டோ பிரிண்டரில் ரீஃபில் கார்ட்ரிட்ஜ்: மை பாதி, காற்று பாதி

ரீஃபில் கார்ட்ரிட்ஜ் (தீரத் தீர நாமே மை ஊற்றிக்கொள்ளும் டப்பா) வாங்கி, இரண்டு தடவை மை ஊற்றி, மூன்றாவது தடவை பிரிண்ட் கோடு கோடாக வந்ததும் "ஹெட் போச்சு" என்று, அதாவது பேப்பரில் மை தெளிக்கும் பாகமே கெட்டுவிட்டது என்று, பிரிண்டரைப் பரணில் ஏற்றிவிட்டவர்கள் எனக்குத் தெரிந்தே நாலைந்து பேர் இருக்கிறார்கள். அதில் இரண்டு பிரிண்டரை இறக்கி வைத்துப் பார்த்தேன். இரண்டிலும் ஹெட் நன்றாகத்தான் இருந்தது. ஒன்றில் காற்றுத் துளையின் மேல் ஒட்டியிருந்த டேப்பைப் பிரிக்கவே இல்லை, இன்னொன்றில் மை ஊற்றும் ஓட்டையின் ரப்பர் மூடி சரியாக உட்காரவில்லை. எல்லோரும் நல்ல மை எது, மலிவான மை எது என்றுதான் கேட்கிறார்கள். அதுவும் முக்கியம்தான். ஆனால் ரீஃபில் கார்ட்ரிட்ஜில் வரும் தொல்லையில் பெரும்பகுதி மையால் வருவதில்லை, காற்றால் வருகிறது. அதனால் அங்கேயே தொடங்குகிறேன்.

எண்ணெய் டின்னில் ஒரே ஒரு ஓட்டை போட்டுக் கவிழ்த்தால் எண்ணெய் நின்று நின்று குளுக் குளுக்கென்று வரும். எதிர்ப்பக்கம் இன்னொரு ஓட்டை போட்டதும் சீராக ஒழுகும். வெளியே போன எண்ணெயின் இடத்துக்குக் காற்று வர வழி வேண்டும், அவ்வளவுதான். கார்ட்ரிட்ஜிலும் அப்படியே மேலே இரண்டு ஓட்டை இருக்கும். பெரியது மை ஊற்றுவதற்கு, அதற்கு ரப்பர் மூடி உண்டு. சின்னது காற்றுக்கு. அடியில் இருப்பது ஹெட்டுக்கு மை போகும் வாய். பிரிண்டருக்குள் இருக்கும்போது ஊற்றும் ஓட்டை இறுக மூடியிருக்க வேண்டும், காற்று ஓட்டை திறந்திருக்க வேண்டும். இதை மாற்றிச் செய்தால் இரண்டு விதமாகக் கெடும். ஊற்றும் ஓட்டை சரியாக மூடாமல் இருந்தால் மையை உள்ளே பிடித்துவைக்கும் இழுவிசை போய்விடும், மை தானாக ஹெட் வழியே கசிந்து பக்கத்து நிறத்தோடு கலக்கும், பிரிண்டில் திட்டுத் திட்டாகச் சொட்டும். காற்று ஓட்டை மூடியிருந்தால் முதல் இரண்டு மூன்று ஃபோட்டோ அழகாக வரும், அப்புறம் ஒரு நிறம் மெல்ல மங்கும், பாதிப் பக்கத்தில் அது முழுக்க நின்றுபோகும். கொஞ்ச நேரம் சும்மா விட்டுவிட்டு அடித்தால் மறுபடி வரும், மறுபடி நிற்கும். இந்த "ஓய்வு கொடுத்தால் வருகிறது" என்ற அறிகுறியைப் பார்த்தால் ஹெட் கிளீனிங் பட்டனைத் தொடாதீர்கள். முதலில் காற்று ஓட்டையைப் பாருங்கள்.

இனி எந்த பிரிண்டருக்கு இது ஒத்துவரும் என்பது. ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனி கார்ட்ரிட்ஜ் இருக்கிற பிரிண்டர்தான் ரீஃபிலுக்கு வசதி. என்னிடம் இருப்பது எப்சனின் ஆறு நிற டி60. கறுப்பு, சியான் (பச்சை கலந்த நீலம்), மெஜந்தா (ஊதா கலந்த சிவப்பு), மஞ்சள், அதோடு லைட் சியான், லைட் மெஜந்தா. அந்த லைட் நிறங்கள் இரண்டும்தான் முகத்தின் தோல் நிறத்திலும் வானத்திலும் புள்ளி தெரியாமல் வழவழப்பாகக் காட்டுகின்றன, அதனால் ஃபோட்டோ அடிக்கும்போது வேகமாகத் தீர்வதும் அவைதான். மூன்று நிறமும் ஒரே டப்பாவில் இருக்கும் பிரிண்டர்களில், ஹெச்.பி.யின் விலை குறைந்த மாடல்கள் பலவும் அப்படித்தான், ஹெட்டே அந்த டப்பாவோடு சேர்ந்து வரும். அதிலும் ஊசி போட்டு மை ஏற்றலாம், ஆனால் அது வேறு வேலை, இங்கே சொல்வது அதற்குப் பொருந்தாது. புதிதாக பிரிண்டர் வாங்கப் போகிறவர் என்றால் இந்தக் கார்ட்ரிட்ஜ் வேலையே வேண்டாம், எப்சன் எல்8050 வகை ஆறு நிற டாங்க் பிரிண்டரை, பாட்டிலிலிருந்து நேரே பிரிண்டரின் தொட்டியில் மை ஊற்றும் வகையை, பாருங்கள், பாட்டிலுக்கு 70 மி.லி. மை வரும். நன்றாக ஓடுகிற கார்ட்ரிட்ஜ் பிரிண்டர் கையில் இருப்பவருக்குத்தான் இந்தக் கட்டுரை.

வாரண்டி காலம் முடியாமல் இருந்தால் அதன் நிபந்தனைகளை ஒருமுறை படித்துவிட்டு ஆரம்பியுங்கள். பிரிண்டர் மென்பொருளில் தானாக அப்டேட் ஆகும் வசதி இருந்தால் நிறுத்திவிடுங்கள். அப்டேட்டுக்குப் பிறகு, மைக் கணக்கு வைக்க ரீஃபில் கார்ட்ரிட்ஜில் ஒட்டியிருக்கும் வெளி சிப்பை பிரிண்டர் ஏற்காமல் போவது நடக்கிறது, பழைய நிலைக்குத் திரும்புவது எளிதல்ல.

சரி, மை. டை இங்க், பிக்மென்ட் இங்க் என்று இரண்டு ஜாதி. டை என்பது தண்ணீரில் கரைந்த சாயம். பளபளப்பான பேப்பரில் நிறம் கண்ணைப் பறிக்கும், ஹெட்டில் மை வெளிவரும் நுண்துளையான நாசிலை அவ்வளவாக அடைக்காது, ஆனால் வெயிலிலும் திறந்த காற்றிலும் சீக்கிரம் மங்கும். பிக்மென்ட் என்பது கரையாத நுண்துகள், திரவத்தில் மிதந்துகொண்டிருக்கும். தண்ணீர் பட்டால் அழியாது, பல வருடம் தாங்கும், ஆனால் அதற்கென்று செய்யாத ஹெட்டில் ஊற்றினால் அடைத்துக்கொள்ளும். விதி எளிது. உங்கள் பிரிண்டர் கம்பெனியிலிருந்து எந்த ஜாதியோடு வந்ததோ அதே ஜாதியை ஊற்றுங்கள். டி60 டை பிரிண்டர், அதில் டை மட்டும்தான். ஒரே கார்ட்ரிட்ஜில் இரண்டையும் கலந்துவிட்டால் சில சமயம் தயிர் மாதிரி திரண்டுபோகும், அப்புறம் மீட்பது கஷ்டம். எப்சன் ஹெட் மின்னழுத்தத்தில் வளையும் படிகத்தால் மையைத் தள்ளுகிறது, கேனனும் ஹெச்.பி.யும் மையைச் சூடாக்கிக் குமிழி உண்டாக்கித் தள்ளுகின்றன. இரண்டுக்கும் மையின் பக்குவம் வேறு. அதனால் "எல்லா பிரிண்டருக்கும் பொருந்தும்" என்று எழுதியிருக்கும் பாட்டிலை நான் வாங்குவதில்லை. எந்த வகைப் பிரிண்டருக்கு என்று எழுதியிருப்பதை வாங்குங்கள், பிடித்த ஒன்றையே தொடர்ந்து வாங்குங்கள். கம்பெனி மாற்றினால் நிறமும் மாறும், கீழே சொல்லப்போகும் நிறத் திருத்தம் முழுவதையும் மறுபடி செய்ய வேண்டிவரும். சென்னையில் இருப்பவர்கள் ரிச்சி ஸ்ட்ரீட் போனால் பாட்டில், காலி கார்ட்ரிட்ஜ், சிப் எல்லாம் ஒரே நடையில் முடிந்துவிடும். லைட் நிறங்கள் இரண்டையும் இரட்டிப்பாக வாங்கிக்கொள்ளுங்கள்.

தேவையான சாமான் அதிகமில்லை. 10 மி.லி. சிரிஞ்சு ஆறு, மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும். ஆறு நிறத்துக்கு ஆறு சிரிஞ்சு, கழுவி ஒன்றையே பயன்படுத்தலாம் என்று நினைக்க வேண்டாம். மஞ்சளில் ஒரு துளி கறுப்பு போதும், முகமெல்லாம் பச்சை பாய்ந்த மாதிரி வரும். சிரிஞ்சு மேல் மார்க்கரால் பெயர் எழுதிவிடுங்கள், லைட் சியானும் சியானும் சிரிஞ்சுக்குள் ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் தெரியும். ஊசி முனை மழுங்கியதாக இருக்க வேண்டும், கார்ட்ரிட்ஜோடு பெரும்பாலும் அதுவே வரும். கூர் ஊசி உள்ளே இருக்கும் தடுப்பைக் குத்திவிடும், விரலையும் குத்திவிடும். அப்புறம் கையுறை, பழைய செய்தித்தாள், டிஷ்யூ, இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்டு வாட்டர் ஒரு பாட்டில். குழாய்த் தண்ணீரும் போர் தண்ணீரும் ஆகாது, அதன் உப்பு முடியைவிட மெல்லிய நாசிலுக்குள் படிந்துவிடும்.

இப்போது ஊற்றுவோம். ஃபேனை நிறுத்துங்கள், தூசிக்காகவும், செய்தித்தாள் பறந்து பாட்டிலைத் தட்டாமல் இருக்கவும். ஒரு நேரத்தில் ஒரு நிறப் பாட்டில் மட்டும் மேஜையில் இருக்கட்டும். மற்ற ஐந்தும் தரையில். பாட்டிலைக் குலுக்காதீர்கள், டை மைக்கு அது தேவையில்லை, நுரைதான் மிஞ்சும். சிரிஞ்சில் மையை மெதுவாக இழுங்கள். வேகமாக இழுத்தால் ஓரத்தில் சின்னச் சின்னக் குமிழிகள் சேரும். அப்படிச் சேர்ந்தால் சிரிஞ்சை ஊசி மேலே இருக்கும்படி பிடித்து நகத்தால் இரண்டு தட்டு தட்டுங்கள், நர்ஸ் செய்வதைப் பார்த்திருப்பீர்கள், குமிழி மேலே வந்ததும் டிஷ்யூவை முனையில் வைத்து வெளியே தள்ளிவிடுங்கள். கார்ட்ரிட்ஜின் ரப்பர் மூடியை எடுத்துவிட்டு, கார்ட்ரிட்ஜைக் கொஞ்சம் சாய்த்து, ஊசியை உள்சுவரை ஒட்டி அடிவரை கொண்டுபோய், மை சுவரில் வழிந்து இறங்குகிற மாதிரி தள்ளுங்கள். பீரையும் சோடாவையும் டம்ளரில் நுரை வராமல் ஊற்றுகிற அதே கை. மாடலைப் பொறுத்து 10 மி.லி.யில் இருந்து 15 மி.லி. வரை கொள்ளும். விளிம்புவரை நிரப்பாதீர்கள், ஒரு விரற்கடை இடம் விடுங்கள். காற்று ஓட்டைப் பக்கத்து அறைக்குள் மை ஏறினால் அந்த வழியே அடைபடும்.

புதுக் கார்ட்ரிட்ஜாக இருந்தால் இன்னொரு வேலை இருக்கிறது, இதைத்தான் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். மை ஊற்றிய பிறகும் அடிவாய்க்கு முன்னால் இருக்கும் சின்ன அறையில் காற்றுதான் இருக்கும். அப்படியே மாட்டினால் அந்தக் காற்று நேரே ஹெட்டுக்குள் போகும். கார்ட்ரிட்ஜோடு ஒரு ரப்பர் முனை தருவார்கள், அதை ஊசி இல்லாத சிரிஞ்சில் செருகி, கார்ட்ரிட்ஜின் அடிவாயில் அழுத்தி வைத்து மெதுவாக இழுங்கள். முதலில் காற்று வரும், பிறகு நுரையோடு கொஞ்சம் மை, பிறகு குமிழி இல்லாத சுத்தமான மை. அரை மி.லி. சுத்த மை வந்ததும் நிறுத்துங்கள். எடுத்ததை அதே நிறப் பாட்டிலில் விட்டுவிடலாம், சிரிஞ்சு சுத்தமாக இருந்தால்.

மூடியைப் போட்டு அழுத்துங்கள். விரலால் தடவினால் மேல்பரப்போடு சமமாக இருக்க வேண்டும், ஒரு ஓரம் தூக்கியிருந்தாலும் எடுத்துத் துடைத்துவிட்டு மறுபடி போடுங்கள். காற்று ஓட்டையின் மேல் மஞ்சள் டேப் இருந்தால் இப்போதே பிரியுங்கள். நான் ஆறையும் பிரித்து மேஜையில் வரிசையாக ஒட்டிவிட்டு எண்ணிப் பார்ப்பேன். ஆறு இருந்தால்தான் அடுத்த வேலை.

மாட்டுவதற்கு முன் ஒரு சோதனை. டிஷ்யூவை நாலாக மடித்து அதன் மேல் கார்ட்ரிட்ஜை அடிவாய் கீழே இருக்கும்படி அரைமணி நேரம் நிறுத்துங்கள். ஒரு ரூபாய் நாணயம் அளவு ஒரு பொட்டு மட்டும் விழுந்து நின்றுவிட்டால் நல்லது. அந்த வட்டம் பெரிதாகிக்கொண்டே போனால் மூடி கசிகிறது, அல்லது அடிவாய் வால்வு சரியில்லை. அதை பிரிண்டருக்குள் வைத்துக் கண்டுபிடிப்பதைவிட டிஷ்யூவில் கண்டுபிடிப்பது மேல். உள்ளே இருக்கும் மை வெளியே தெரியாத கறுப்பு பிளாஸ்டிக் கார்ட்ரிட்ஜாக இருந்தால் ஒரு சின்ன டிஜிட்டல் தராசு வாங்கிக்கொள்ளுங்கள். காலியாக எவ்வளவு கிராம், நிரப்பியபின் எவ்வளவு கிராம் என்று கார்ட்ரிட்ஜ் மேலேயே எழுதிவிட்டால் எப்போது எடுத்து நிறுத்தாலும் உள்ளே எவ்வளவு மை இருக்கிறது என்று தெரிந்துவிடும். ஒரு மி.லி. மை தோராயமாக ஒரு கிராம்தான்.

ஏன் இவ்வளவு பாடு என்றால், சிப் சொல்கிற மை அளவை நம்ப முடியாது. அந்த சிப்புக்கு உள்ளே இருக்கும் மை தெரியாது. பிரிண்டர் எத்தனை துளி தெளித்தது என்று கணக்கு வைத்து, இவ்வளவு போயிருக்கும் என்று கழித்துக்கொண்டே வருகிறது. ஆட்டோ ரீசெட் சிப் பூஜ்யத்துக்கு வந்ததும், கார்ட்ரிட்ஜை எடுத்து மாட்டினாலோ பிரிண்டரை அணைத்துப் போட்டாலோ, மறுபடி "ஃபுல்" என்று காட்டும், உள்ளே ஒரு சொட்டு இல்லாவிட்டாலும். அந்த "ஃபுல்"லை நம்பி அடித்தால் ஹெட்டுக்குள் காற்று போகும். எனவே கண்ணால் பாருங்கள் அல்லது எடை போடுங்கள். கால்வாசிக்குக் கீழே போக விடாதீர்கள். ஒரு நிறம் குறைந்தால் ஆறையும் ஒரேயடியாக நிரப்புவது நல்லது, ஏனென்றால் ஒவ்வொரு தடவை கார்ட்ரிட்ஜ் மாற்றும்போதும் பிரிண்டர் எல்லா நிறத்திலும் கொஞ்சம் மையை உறிஞ்சி வெளியே கொட்டுகிறது. சும்மா எடுத்து எடுத்துப் பார்ப்பதும் கூடாது, அடிவாய் வழியே ஒவ்வொரு முறையும் கொஞ்சம் காற்று ஏறும்.

மாட்டும்போது "கிளிக்" என்று கேட்கும்வரை அழுத்துங்கள், மாட்டியதும் நாசில் செக், அதாவது எல்லா நாசிலும் மை தெளிக்கிறதா என்று காட்டும் சோதனைப் பக்கம், அடியுங்கள். படிக்கட்டு மாதிரி சின்னக் கோடுகள் ஆறு நிறத்திலும் இடைவெளியில்லாமல் வர வேண்டும். மஞ்சளைக் கண் ஏமாற்றும், பேப்பரை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். இங்கொன்றும் அங்கொன்றுமாகக் கோடு விட்டிருந்தால் ஒரு கிளீனிங் போதும். ஒரு நிறம் மொத்தமாக வரவில்லை என்றால் அது பெரும்பாலும் அடைப்பல்ல, காற்று. மூன்று கிளீனிங்குக்கு மேல் தொடர்ந்து போடாதீர்கள். இரவு முழுக்க விட்டுவிட்டுக் காலையில் மறுபடி நாசில் செக் அடித்தால் சில சமயம் தானே சரியாகியிருக்கும், குமிழிகள் மேலேறிவிடும். கிளீனிங்கில் போகும் மை எங்கேயும் மறைந்துவிடுவதில்லை, பிரிண்டரின் அடியில் இருக்கும் பஞ்சில் போய்ச் சேர்கிறது. அதற்கும் ஒரு கணக்கு ஓடுகிறது, நிறைந்துவிட்டது என்று பிரிண்டர் முடிவுசெய்தால் பிரிண்ட் அடிப்பதையே நிறுத்திவிடும். அந்தக் கணக்கை மட்டும் மென்பொருளால் அழித்துவிட்டுப் பஞ்சை மாற்றாமல் விட்டால் ஒரு நாள் மேஜையெல்லாம் மை.

உண்மையிலேயே அடைப்புதான் என்றால், பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஹெட்டை மெல்ல இடப்பக்கம் நகர்த்தி, வலது ஓரத்தில் ஹெட் வந்து உட்காரும் பஞ்சு மேடையில் டிஸ்டில்டு வாட்டர் ஏழெட்டு சொட்டு விட்டு, ஹெட்டைத் திரும்ப அதன் மேல் கொண்டுவந்து ஒரு இரவு விடுங்கள். ஹெட் நகர மறுத்தால் பலம் காட்டாதீர்கள். ஹெட் நடுவில் நகர்ந்துகொண்டிருக்கும்போது பிளக்கை எடுத்தால் பூட்டு விழாமல் நிற்கும், அந்த ஒரு காரியத்துக்கு மட்டும் அப்படிச் செய்யலாம். மற்ற நாட்களில் பிரிண்டரின் பட்டனில் அணைத்துவிட்டுத்தான் சுவர் ஸ்விட்சை அணைக்க வேண்டும். பட்டனில் அணைத்தால்தான் ஹெட் போய் மூடியின் மேல் உட்காரும். நடுவழியில் கரண்ட் போனால் ஹெட் திறந்தபடி நின்று காயும். பராமரிப்புக்காகக் கரண்ட் நிறுத்துகிற நாளில் பெரிய வேலையை ஆரம்பிக்காதீர்கள், கம்ப்யூட்டருக்கு யு.பி.எஸ். இருந்தால் பிரிண்டரையும் அதில் சேர்க்க முடியுமா என்று பாருங்கள்.

நிறத்துக்கு வருவோம். வெளி மையில் முதல் ஃபோட்டோ அடித்ததும் "என்ன இது, முகம் சிவந்திருக்கிறதே" என்று தோன்றும். இது மையின் குற்றமல்ல, பிரிண்டரின் கணக்கு கம்பெனி மைக்காகப் போட்ட கணக்கு. முறையான வழி, உங்கள் மைக்கும் உங்கள் பேப்பருக்கும் சேர்த்து ஒரு ஐ.சி.சி. புரொஃபைல், அதாவது நிறத்தைச் சரியாக அடிக்கக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் திருத்தக் கோப்பு, செய்துகொள்வது. அளக்கும் கருவி விலை அதிகம், ஆனால் நீங்கள் அடித்து அனுப்பும் நிறக் கட்டங்களை அளந்து புரொஃபைல் செய்து தருபவர்கள் இருக்கிறார்கள். அது வேண்டாம் என்றால் கையாலேயே ஓரளவு திருத்தலாம். வெள்ளையில் இருந்து கறுப்புவரை படிப்படியாகப் போகும் சாம்பல் பட்டை ஒன்று, பக்கத்தில் உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒருவரின் முகம், இரண்டையும் ஒரே 4×6 பேப்பரில் அடியுங்கள். சாம்பலைப் பாருங்கள், முகத்தை அப்புறம் பாருங்கள். சாம்பல் இளஞ்சிவப்பாகத் தெரிந்தால் டிரைவரில் (கம்ப்யூட்டரில் இருக்கும் பிரிண்டர் மென்பொருளில்) மெஜந்தாவை இரண்டு மூன்று புள்ளி குறையுங்கள், பச்சையாகத் தெரிந்தால் கூட்டுங்கள். ஒரு நேரத்தில் ஒரு நிறம் மட்டும். ஒவ்வொரு பிரிண்டின் பின்னாலும் என்ன எண் வைத்தீர்கள் என்று பென்சிலில் எழுதுங்கள். அடித்த உடனே தீர்ப்பு சொல்லாதீர்கள், டை காயும்போது நிறம் கொஞ்சம் மாறும், ஒரு மணி நேரம் கழித்து வாசல் வெளிச்சத்தில் பாருங்கள். டியூப் லைட்டில் சரியாகத் தெரிந்த சாம்பல் வாசலில் வேறாகத் தெரியும்.

பேப்பரைப் பற்றி ஒன்றிரண்டு. எனக்கு 180 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் பேப்பரின் எடை, கிராமில்) ஆல்பத்துக்குப் போதும், சட்டம் போடுவதற்கு 260க்கு மேல். டிரைவரில் பேப்பர் வகையைச் சரியாகத் தேர்ந்தெடுங்கள், எவ்வளவு மை தெளிப்பது என்பதை அதுதான் தீர்மானிக்கிறது, சாதாரணப் பேப்பர் என்று விட்டுவிட்டு க்ளாஸி பேப்பரை வைத்தால் சோகை பிடித்த படம்தான் வரும். எந்தப் பக்கம் அடிப்பது என்று சந்தேகம் வந்தால் விரலை லேசாக ஈரமாக்கி ஓரத்தில் தொடுங்கள், ஒட்டுகிற பக்கம்தான் பூச்சு உள்ள பக்கம். கடற்கரை ஊர்களில் திறந்த பாக்கெட்டை ஜிப் கவரில் போட்டு வையுங்கள், ஈரம் ஏறிய பேப்பரில் மை பரவும். அடித்த படத்தை உடனே கண்ணாடிச் சட்டத்துக்குள் போடாமல் ஒரு நாள் காயவிடுங்கள், இல்லாவிட்டால் உள்ளே ஆவி கட்டும்.

வாரம் ஒரு முறையாவது ஆறு நிறமும் வருகிற ஒரு சின்னப் படம் அடித்துவிடுங்கள். சித்திரை வெயிலில் ஜன்னல் ஓரத்தில் வைத்த பிரிண்டர் பத்து நாளில் காய்ந்துவிடும், நிழலான இடத்தில் வையுங்கள், மேலே ஒரு துணி போடுங்கள். ஊருக்குப் போனால் கார்ட்ரிட்ஜைக் கழற்றி வைக்காதீர்கள், நிரப்பி மாட்டிவிட்டுப் பட்டனில் அணைத்துவிட்டுப் போங்கள். மை பாட்டில்கள் பீரோவுக்குள் இருட்டில் இருக்கட்டும்.

கடைசியாக, பாட்டிலின் மேல் "இத்தனை வருடம் மங்காது" என்று எழுதியிருப்பதை விட்டுவிட்டு நீங்களே சோதித்துப் பாருங்கள். புது மை வாங்கியதும் ஒரு படத்தை அடித்து இரண்டாக வெட்டுவேன். ஒரு பாதி மேற்கு வெயில் படும் ஜன்னல் கண்ணாடியில், படம் வெளியே பார்க்க ஒட்டப்படும். மற்ற பாதி தடித்த அகராதிக்குள். இரண்டு மாதம் கழித்து இரண்டையும் சேர்த்து வைத்தால் எந்த நிறம் முதலில் ஓடுகிறது என்று தெரிந்துவிடும். ஒருமுறை பெயர் இல்லாத பாட்டிலில் வாங்கிய மை அந்த ஜன்னலில் மூன்றே வாரத்தில் மெஜந்தாவை இழந்து, மகளின் சிவப்புப் பாவாடை காய்ந்த களிமண் நிறத்துக்கு வந்திருந்தது. அந்த மையில் அதற்குள் பாட்டியின் எண்பதாவது பிறந்தநாள் படங்கள் முழுவதையும் அடித்திருந்தேன், எல்லாவற்றையும் திரும்ப அடித்துக் கொடுத்தேன். இப்போது ஜன்னலில் ஒட்டியிருக்கும் துண்டு ஐந்து மாதம் தாண்டியும் அகராதிக்குள் இருக்கும் பாதியோடு கோடு தெரியாமல் சேர்கிறது. அந்த மையில்தான் சுவரில் மாட்டும் படங்களை அடிக்கிறேன்.